வீட்டிற்கு அலுமினியச் சாளரங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுள் ஒன்றில் எம் பாட்டனார் வாழ்ந்த வீடு இன்றும் நிற்கின்றது. திண்ணையும் நடையும் முற்றமும் தாழ்வாரமுமாக அமைந்த பழைய வீடு அது. சுவரின் அகலம் ஒன்றரை முழம், சாளரங்களோ சிறியன, ஒவ்வொன்றிற்கும் கனத்த மரச்சட்டமும் இரட்டைக் கதவும் நடுவே இரும்புக் கம்பிகளும் உண்டு. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில், இராஜபாளையத்தில், எம் தமக்கையார் ஆறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கட்டிய புதுவீடு உளது. நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற அத்தானின் சேமநிதி முழுதும் அவ்வீட்டிலேயே அடங்கியிருக்கின்றது. அதன் சாளரங்கள் யாவும் அலுமினியத்தால் ஆயவை. சென்ற ஐப்பசி மழையில் ஒரே கிழமையில் இவ்விரு வீடுகளிலும் தங்க நேர்ந்ததே இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்குக் காரணம்.

பழைய வீட்டில் மழைச்சாரல் அறைக்குள் வரவில்லை. ஆயின் கொல்லைக் கதவின் நிலையைக் கறையான் அரித்து, விரல் பட்டாலே உதிரும்படி ஆக்கியிருந்தது. புதுவீட்டில் கறையானுக்கு வேலையில்லை. ஆயின் நள்ளிரவில் வடகிழக்கிலிருந்து மழை சாய்த்து அடித்தபோது, சாளரத்தின் கீழ்ச்சட்டத்திலுள்ள தடம் நீரால் நிரம்பி, அந்நீர் உட்சுவரில் வழிந்து கட்டிலின்கீழ்ப் பரவிற்று. தமக்கையார் பழந்துணியும் வாளியுமாக விழித்திருந்தார். “தம்பி, மரம் வைத்தால் கறையான், தகரம் வைத்தால் தண்ணீர். பின் எதைத்தான் வைக்கிறது?” என்று அவர் கேட்டார். இயற்பியல் கற்பிப்பவனாகிய யான் அவ்வினாவிற்கு உடனே விடை கூறியிருக்க வேண்டும், கூற இயலவில்லை. பின்னர் அளவுநாடாவும் தராசும் கொண்டு பார்த்து அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். வீடு கட்டும் பருவத்தை எய்தியுள்ள நம் பழைய மாணவர் பலருக்கு இது பயன்படுமென நம்புகின்றேன்.

முதற்கண் உலோகத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். அலுமினியம் இன்று பால் பாத்திரமும் பழைய சாமான்காரர் தராசுமாக இருத்தலின், அது ஒருகால் அருமையான பொருளாயிருந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். 1884-இல் அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டன் நினைவுத்தூண் முடிந்தபோது, அதன் உச்சியில் பதிக்க அலுமினியத்தையே தேர்ந்தனர். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. ஓபர்லின் கல்லூரியில் 1885-இல் பட்டம் பெற்று வெளிவந்த சார்லஸ் மார்ட்டின் ஹால் என்னும் இளைஞர், 1886 பெப்ரவரி 23-ஆம் நாள், தம் வீட்டை அடுத்த விறகுக் கொட்டிலில், உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் செலுத்தி இவ்வுலோகத்தைப் பிரித்தார். அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் பால் எரூ என்பாரும் தனித்து இதே முறையைக் கண்டனர். ஹாலுக்கு அப்போது வயது இருபத்திரண்டு என்பதை நம் மாணாக்கர் கவனிப்பாராக. அவர் 1914-இல் இறந்தபொழுது, தம் செல்வத்தில் மூன்றிலொரு கூற்றை ஜப்பான், ஆசியக் கண்டம், துருக்கி, பால்கன் நாடுகள் ஆகியவற்றில் கல்வி வளர்தற்கென எழுதிவைத்தார். நம்போன்ற கல்லூரிகளின் வரலாற்றில் இவ்வெள்ளை உலோகத்திற்கும் இங்ஙனம் ஒரு பங்குண்டு.

நம் நாட்டிற்கு இதனைக் கொணர்ந்ததும் ஒரு பள்ளிக்கூடமே. 1898-ஐ ஒட்டிச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1943-இல் நம் மேற்கு மலைக்கு அப்பால், பெரியாற்றங்கரையில், ஆலுவாய்க்கு அருகே இந்தியாவின் முதல் உருக்காலை உலோகம் தந்தது. 1965 முதல் சில பத்தாண்டுகள் மேட்டூரிலும் அலுமினியம் எடுத்தனர். ஒரு கிலோ அலுமினியம் எடுக்கப் பதின்மூன்று முதல் பதினைந்து யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்கி மீண்டும் வார்க்கவோ, புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் இருபதிலொரு பங்கே போதும். பழைய சாமான் கடையில் இதற்கு எக்காலத்தும் விலை உண்டாவது இதனாலேயே.

நிற்க. இவ்வுலோகம் சாளரத்திற்கு ஏற்றதாவது எவ்வாறு? ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறத்தாழ 7.9 கிராம் நிறையுடையது, அலுமினியமோ 2.7 கிராமே. காற்றுப் பட்டவுடன் தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடுத் தோலை அது தானே போர்த்துக் கொள்ளுதலின் இரும்புபோல் துருவேறி உதிர்வதில்லை. மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும் மரத்தின் குணமும் இதற்கில்லை. மெலிந்த சட்டமே போதுமாதலின் ஒளியும் மிகுதியாக வரும். இவ்வளவும் உண்மையே. ஆயின் வெப்பத்தைக் கடத்துவதில் இது தேக்கு மரத்தைப்போல் ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்டது. மேற்றிசை வெயிலில் காய்ந்த கறுப்புச் சட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு உட்புறமாகத் தொட்டுப் பார்ப்போர்க்கு இதற்கு மேற்கோள் வேண்டுவதில்லை. அன்றியும், முப்பது டிகிரி வெப்பம் ஏறினால் இரண்டு மீட்டர் நீளச் சட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு நீளும். சுவரோ அதில் பாதியே நீளும். ஆதலின் சட்டத்தைச் சுவரோடு இறுக அடைத்துச் சிமெண்டு பூசுதல் தவறு. சிறிது இடைவெளி விட்டு, வளைந்து கொடுக்கும் சிலிக்கான் பசையால் அடைத்தல் வேண்டும்.

இனி, வாங்குவோர் பெரிதும் ஏமாறும் இடத்திற்கு வருவோம். சாளரச் சட்டம் உருவாகும் வகை, நம் வீட்டு இடியாப்ப உழக்கில் மாவு இழையாக வருவதை ஒத்ததே. சிறிது மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த அலுமினியத் தண்டை நானூற்றைம்பது ஐந்நூறு டிகிரி வரை காய்ச்சி, அச்சின் துளைவழியே பேரழுத்தத்தால் தள்ளுவர். அங்ஙனம் வரும் நீண்ட உள்ளீடற்ற சட்டத்தையே கடைக்காரர் செக்ஷன் என்பர். ஆலையிலிருந்து கடைக்கு வரும்போது இது கிலோக் கணக்கில் விற்கப்படுகின்றது. கடையிலிருந்து நம் வீட்டுக்கு வரும்போது சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையிலேதான் நம் பணம் மறைகின்றது. கணக்கு ஒன்று காண்க. 100 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிச் செக்ஷனின் தகடு 2 மில்லிமீட்டர் தடிப்பாயின், ஒரு மீட்டர் நீளம் 1,523 கிராம் இருக்கும், 1.2 மில்லிமீட்டராயின் 924 கிராமே இருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அளவுநாடாவும் ஒன்றே காட்டும். சாயம் பூசியபின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துத் தருகின்றேன் என்பவர் எதைக் குறைக்கின்றார் என்பது இப்பொழுது விளங்கும். வெளிச்சுவர்ச் சாளரங்கட்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பும், பெரியவற்றிற்கு இரண்டும் கேட்பது தகும். கேட்டதோடு அமையாமல், ஒப்பந்தத் தாளில் செக்ஷனின் பெயர், தடிப்பு, மீட்டருக்கு இத்தனை கிராம் என்பவற்றை எழுதி வாங்கி, ஒரு துண்டை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும். எம் தமக்கையார் வீட்டுச் சட்டத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டராக இருந்தது. அதனை விற்றவரைக் குறைகூறிப் பயனில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேற்பூச்சைப் பற்றி மிகுதியும் சொல்ல வேண்டியதில்லை. பவுடர் கோட்டிங் அறுபது மைக்ரானுக்குக் குறையாதிருத்தல் நன்று. அனோடைசிங் ஆயின் பதினைந்து மைக்ரான் முதல் இருக்கலாம். மரம்போலத் தோன்றும் நிறம் வேண்டுவோர், அது தொடக்கத்தில்தான் மரம்போல் இருக்குமென்பதை நினைவிற் கொள்க. மேற்றிசைக்கு வெண்ணிறமே சிறந்தது.

ஆயின் தடித்த சட்டம் வாங்கிவிட்டால் யாவும் நலமாகிவிடுமோ? ஆகாது. அத்தான் வீட்டில் நிகழ்ந்த பெரும் பிழை வேறு. நான்கு திசைக்கும் ஒரே வகைச் சாளரத்தை, ஒரே அளவில், அரைமணி நேரத்தில் தேர்ந்து விட்டனர். தளம் இட்டபின் கையில் எஞ்சிய பொருள் சொற்பம். குடிபுகும் நாளோ குறித்தாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் சாளரத்திற்கு வரும் முறை இதுவே. நம் பாட்டனார் காலத்துத் தச்சர், சுவர் எழுமுன்னரே எப்பக்கம் காற்று, எப்பக்கம் சாரல் என்று கேட்டே நிலை செய்தனர். இவ்விரு ஊர்களுக்கும் அக்கேள்விக்கு விடை என்ன?

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஒன்பதரை டிகிரி அளவில் உள்ளன. ஆதலின் சித்திரை பிறக்கும் நாளையொட்டி நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மீண்டும் ஆவணி நடுவில் அவ்வாறே நிற்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாலரைத் திங்களில் அது சற்றே வடபால் சாயும். மற்றைக் காலத்தில் தென்பால் சாயும். எங்ஙனமாயினும் நண்பகலில் உயர நிற்பதாகலின், வடக்கிலும் தெற்கிலும் உள்ள சாளரங்களை இரண்டடி அகலச் சன்ஷேடு காத்துவிடும். மேற்கு அப்படியன்று. பிற்பகற் சூரியன் தாழ்ந்து வந்து சன்ஷேடின் அடியில் நுழையும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடிமேல் அறுநூறு வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். நாலடிக்கு நாலடிச் சாளரம் ஒன்று ஒன்றரைச் சதுர மீட்டராகும். எனவே எழுநூறு வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் அவ்வொரு சாளரத்தின் வழியே படுக்கையறைக்குள் வருகின்றது. சலவைப்பெட்டி ஒன்றைச் சூடாக்கி, மாலைவரை கட்டிலருகே வைத்திருப்பது போன்றது அது. இங்ஙனம் வரும் வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணாடிவழி வருவதே. அலுமினியச் சட்டத்தைக் கடந்து வருவது சிறுபகுதியே. ஆதலின் பழியை உலோகத்தின்மேல் மட்டும் சுமத்தலாகாது. மேற்றிசையில் சாளரம் சிறிதாக இருத்தல், வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி தொங்குதல், இடமிருப்பின் வேம்போ புங்கையோ நிற்றல் ஆகிய இவற்றிற்கு ஈடான கண்ணாடி எக்கடையிலும் இல்லை. உள்ளே தொங்கும் திரைச்சீலையோ, வெப்பம் வந்தபின் அதனை வரவேற்பது. மலை மேற்கே நிற்றலின் சூரியன் அடிவானம் சேருமுன்னரே அதன்பின் மறைந்து விடுதல் இவ்வூரார் பெற்ற பேறு.

இரட்டைக் கண்ணாடியும், சட்டத்தின் நடுவே வெப்பம் கடவாத பிளாஸ்டிக் பட்டையும் உடைய உயர்ந்த சாளரங்கள் குளிர்நாட்டார் கண்டவை. குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடும் அறைக்கு அவை பொருந்தும். காற்றுக்காகச் சாளரத்தைத் திறந்து வைக்கும் வீட்டிற்கு அவற்றால் வரும் பயன் சிறிதே.

காற்றைப் பற்றியும் இங்கே நினைக்கவேண்டும். இந்நாளில் யாவரும் விரும்புவது, ஒன்றன்மேல் ஒன்று ஓடும் ஸ்லைடிங் சாளரம். இடத்தை அடைக்காது, காற்றில் அடித்துக்கொள்ளாது, பார்வைக்கும் நேர்த்தி. ஆயின் இரண்டு கதவுள்ள பதினாறு சதுர அடிச் சாளரத்தில் எப்பொழுதும் எட்டுச் சதுர அடியே திறக்கும். பதினாறுக்குப் பணம் கொடுத்து எட்டுக்குக் காற்று வாங்குகின்றோம். கீல் வைத்து வெளியே திறக்கும் சாளரமோ ஏறத்தாழ முழுதும் திறக்கும். மூடும்போது ரப்பர்ப் பட்டையோடு அழுந்துவதால் நீரும் தூசியும் உட்புகுவது அரிது. ஆதலின் காற்று வேண்டிய படுக்கையறைக்கும், சாரல் அடிக்கும் பக்கத்திற்கும் கீல் சாளரமே ஏற்றது. மாடி வராந்தா, கூடம் போன்ற அகன்ற இடங்கட்கு ஸ்லைடிங் தகும். கொசுவலைக்கு மூன்றாந்தடம் கேட்டு வாங்குதலும் வேண்டும். பின்னர் ஒட்டும் வலை ஓராண்டும் நில்லாது.

ஆனி ஆடியில் மலையைக் கடந்து இறங்கும் காற்றின் வலிமையையும் எண்ணுக. கட்டட விதிநூல் மதுரைக்குக் குறிக்கும் அடிப்படைக் காற்றுவேகம் வினாடிக்கு 39 மீட்டர். அவ்வேகக் காற்று நேரே மோதுமாயின் சதுர மீட்டருக்குத் தொள்ளாயிரம் நியூட்டனுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாம். நாம் மேலே கண்ட நாலடிச் சாளரத்தின்மேல் இது ஏறக்குறைய 138 கிலோ எடை சாய்வதற்கு ஒப்பாகும். அத்தகைய காற்று அரிதே. எனினும் ஒரு மில்லிமீட்டர்ச் சட்டத்தில் நாலு மில்லிமீட்டர்க் கண்ணாடி பதித்தவர், ஆடி மாதத்தில் அது தடதடவென்று பேசுவதைக் கேட்டே தீருவர். பெரிய கண்ணாடிக்கு ஐந்து மில்லிமீட்டர் வேண்டும். கதவிலும், தரையோடு ஒட்டிய சாளரத்திலும், குழந்தைகள் மோதக்கூடிய எவ்விடத்தும் டஃபண்ட் கண்ணாடியே இடுக. உடைந்தாலும் அது கூரிய வாளாகாது சிறுசிறு மழுங்கிய துண்டுகளாக உதிரும். அதனைப் பதப்படுத்திய பின் வெட்ட இயலாதாகலின் அளவு முன்னரே சரியாயிருத்தல் வேண்டும்.

மழைநீர் புகுந்த கதைக்கு மீள்வோம். ஸ்லைடிங் சாளரத்தின் கீழ்த்தடத்தில் நீர் விழுவதைத் தடுக்க முடியாது. விழுந்த நீர் வெளியேற வழிசெய்தலே முறை. அதற்கெனத் தடத்தின் வெளிவிளிம்பில் சிறு துளைகள் இருத்தல் வேண்டும். உள்விளிம்பு வெளிவிளிம்பினும் உயர்ந்திருத்தல் வேண்டும். கீழுள்ள சுவர்த்தட்டு வெளிநோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். தமக்கையார் வீட்டில் முதலாவது இருந்தது, ஆயின் பூச்சு வேலையில் சிந்திய சிமெண்டு அத்துளைகளை அடைத்திருந்தது. மூன்றாவதோ இல்லவேயில்லை, தட்டு உள்நோக்கிச் சரிந்திருந்தது. நாற்பது ரூபாய் ஆணியால் துளைகளைக் குத்தித் திறந்த அன்றே பாதி நீர் நின்றது.

சிமெண்டும் சுண்ணாம்பும் அலுமினியத்திற்குப் பகை என்பதைக் கொத்தனாரும் அறியவேண்டும். ஈரச் சுண்ணாம்பின் காரம் மேற்றோலை அரித்து ஆறாத கறையிடும். ஆதலின் பூச்சு முடிந்து உலர்ந்தபின்னரே சட்டத்தைப் பொருத்துக. அதன்மேல் ஒட்டிவரும் காப்புத்தாளை வண்ணம் அடிக்கும்வரை நீக்கற்க. தரை ஓடுகளைக் கழுவ ஆசிட் ஊற்றுவோர் சாளரத் தடத்திலும் ஊற்றிவிடுவர். அதுவும் அவ்வாறே கேடு விளைக்கும். திருகாணிகள் துருப்பிடியா எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பாணி ஈரத்தில் தானும் கெட்டுச் சட்டத்தையும் கெடுக்கும். கடைசித் தவணை கொடுக்குமுன், வெளியே நின்று குழாயால் ஐந்து நிமிடம் நீர் அடித்துப் பார்க்க. ஐப்பசி வரும்வரை காத்திருப்பதினும் அது எளிது.

கம்பியின்றிக் கண்ணாடி மட்டும் வைத்தால் அழகு என்பர் சிலர். மலையடிவாரத்தை அடுத்த தெருக்களில் வசிப்போர்க்கு அவ்வழகு கட்டுப்படியாகாது. திறந்த சாளரத்தைக் கண்ட குரங்கு அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. திருடரைப் பொறுத்தவரை, பேர்பெற்ற இராஜபாளையம் நாய் உள்ள வீட்டார் வேறு நினைப்பர் போலும். மற்றையோர்க்கு உட்புறம் இரும்புக் கம்பி வேண்டும். அக்கம்பி வழியே கையை நீட்டிக் கதவைத் திறக்கவும் கண்ணாடியைத் துடைக்கவும் இயலுமா என்பதைப் பொருத்துமுன் ஒருமுறை செய்து பார்க்க.

கதவுகளைப் பற்றிச் சிறிது. தலைவாயிலுக்கு மரமே என்பது எம் கருத்து. நிலை வைக்கும் நாளைச் சிறப்பாகக் கொண்டாடும் வழக்கத்தை எண்ணி மட்டும் இதனைக் கூறவில்லை. பூட்டும் கீலும் கடித்து நிற்பதற்குத் தேக்கோ வேங்கையோ தரும் உறுதியை வீட்டு விலையில் கிடைக்கும் அலுமினியம் தருவதில்லை. குளியலறைக்கோ நேர்மாறு. அங்கே மரக்கதவின் அடிப்பாகம் அழுகாத வீட்டை யான் கண்டதில்லை. அலுமினியச் சட்டமும் நீர்படினும் கெடாத பலகையும் அமைந்த கதவு அவ்விடத்திற்கு மிகவும் ஏற்றது. கொல்லைக் கதவும் அவ்வாறே.

அத்தான் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றப் பொருள் இல்லை. வடகிழக்கு மூலையிலுள்ள இரு சாளரங்களை நீக்கிக் கீல் சாளரங்கள் வைத்தோம். மற்றவற்றிற்குத் தட்டைச் சரித்துப் பூசிப் பசையடைத்தோம். மேற்கே இரண்டு மூங்கில் தட்டிகள் தொங்குகின்றன. கழற்றிய பழஞ்சட்டங்களைப் பழைய சாமான் கடைக்குக் கொண்டுசென்றபோது, கடைக்காரர் அவற்றைத் தராசில் இட்டுக் கிலோக் கணக்கில் விலை கூறினார். அத்தான் அத்தராசைச் சிறிதுநேரம் நோக்கி நின்றார். “வாங்கும்போது இதில் ஏற்றாததை விற்கும்போது ஏற்றுகிறோமே, மாப்பிள்ளை” என்றார். வந்த தொகையோடு சிறிது சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கொல்லை நிலைக்கு இரண்டு மில்லிமீட்டர்ச் செக்ஷனாகப் பார்த்து, கிராம் கணக்கை எழுதி வாங்கி, முன்பணம் கொடுத்திருக்கின்றோம். முன்கட்டுச் சாளரங்களின் பழைய மரக்கதவுகளை ஒருவரும் தொடவில்லை.